ஏஜென்ட்டின் இதயம்

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த மறுநாளே இன்சூரன்ஸ் ஏஜென்ட் சகாயராஜ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார்.

"ஏலே பாண்டி, அரசாங்கத்துக்கு எதுக்குய்யா இன்சூரன்ஸ் வேலை? தனியார் கம்பெனிக போட்டி போட்டாத்தான் நமக்கு நல்லது. எனக்குப் பாரு, பைசா செலவில்ல. எல்லாம் நான் விக்கிற பாலிசியோட மகிமை!"

பார்க்க வந்த பாண்டியராஜ் மயங்கிப்போனான். "எனக்கும் ஒண்ணு போடுங்கண்ணே."

கொய்யா நறுக்கிக்கொண்டிருந்த அறிவுச்செல்வி கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி ஞாபகப்படுத்துன மனுசன், நம்மளத மறந்துட்டீங்க. அது போன மாசமே காலாவதி."

"அப்ப ஸ்டென்ட்டுக்குப் பணம்?" என்றார் சகாயராஜ்.

"குப்பைன்னு வீசுனீங்கள்ல, அரசாங்கக் காப்பீட்டு அட்டை? எடுத்து பீரோவுல வச்சிருந்தேன். அதுதான் உங்க உசுரக் காப்பாத்துச்சு."

பாண்டியராஜ் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டான்.

"மதினி, அந்த அட்டை வாங்க எங்க போகணும்?"