ஏழாவது அட்டை

அட்டையில் ஒரே ஒரு வரி.

மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், உதட்டை அசைக்காமல் வாசித்துப் பார்த்தார். வாசிக்க முடிந்தது.

பெயர் தெரியாத குழந்தை.

நூலக மண்டபம் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். தொப்பியும் கோட்டுமாக வந்திருந்த முதியவர்கள். அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பி, எல்லை கடந்து, இந்தக் கனடிய ஊருக்கு நடந்தே வந்தவர்களின் வழிவந்தவர்கள்.

அந்த முன்னோரைப் புதைத்த நிலத்தை எப்போதோ யாரோ உழுது சோளம் போட்டுவிட்டான். தலைமாட்டில் நின்ற ஏழு கற்கள் போன இடம் தெரியாது. தேவாலயப் பதிவேட்டில் ஆறு பெயர்கள் கிடைத்தன. ஏழாவது, கல்லில் மட்டும்தான் இருந்தது.

ஒவ்வொரு மாசியும் ஊர் கூடி அந்தப் பெயர்களை உரக்க வாசிக்கும். ஏழு பேர், ஏழு அட்டை.

ஏழாவதை அவர் கையில் கொடுத்தவர் வெர்னா ரீச்சர். ஐம்பத்தெட்டு வயதில் எழுதப் படிக்க வந்த அவர் விரலைப் பிடித்து ஏ, பி எழுத வைத்தவர். அங்கே புதைந்து கிடப்பவர்கள் வெர்னாவின் சொந்தக்காரர்.

அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும் என்று வகுப்பில் ஒருநாள் ரீச்சர் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுப் பலகையைத் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

மேடையில் வாசிக்கப் போகிறோம் என்று இரண்டு கிழமையாக அந்த மாணவருக்கு நித்திரை இல்லை.

முன்வரிசையில் மனைவி மலர், போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"தலையை நிமித்துங்கோப்பா. மொட்டைதான் தெரியுது."

நிமிர்ந்தார்.

பக்கச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் பழைய படம் ஒன்று விழுந்தது. புல்லுக்குள் நிற்கும் ஏழு கற்கள். கடைசிக் கல் சின்னது. பெயர் மங்கல். அதற்கு மேலே ஏதோ ஒன்று கால் மடித்துப் படுத்திருந்தது.

ஆட்டுக்குட்டி.

நாய்க்குட்டி என்றுதான் அவர் சொன்னார். இல்லை, ஆட்டுக்குட்டி என்றாள் மலர். பன்னிரண்டு வருடத்துக்கு முன், வீட்டுப் பின்பக்கத்தில் அந்தக் கல்லைப் பதிக்கும்போது.

அந்த நாளில் அவருக்குப் பண்ணைக் கொட்டில் ஒன்றை இடிக்கிற வேலை. சுவரோரம் கற்கள் குவிந்து கிடந்தன. ஏற்றிக்கொண்டு போய் எங்கேயாவது கொட்டு என்றான் முதலாளி. தட்டையான, நல்ல கற்கள். கொட்ட மனம் வரவில்லை.

சிலுவை இல்லை. இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார்.

எழுத்து இருந்தது. அப்போது அவருக்கு எந்தப் பாஷையிலும் ஓர் எழுத்துத் தெரியாது. எழுத்தை மிதிக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகு, எழுத்து மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பதித்தார்.

பின்கதவுக்கு நல்ல பாதை.

சின்னக் கல்லில் வைத்துத்தான் மலர் மீன் வெட்டுவாள்.

இன்று காலையும் அவர் சவளால் அதன்மேல் பனியை வழித்து, உப்புத் தூவிவிட்டுத்தான் வந்தார்.

ஆறாவது பெயர் முடிந்தது.

மைக்குக்கு முன்னால் போய் நின்றார். மலரின் போன் மெல்லக் கீழே இறங்கியது. அவளும் படத்தைப் பார்த்துவிட்டாள். தலையை இலேசாக அசைத்தாள்.

வேண்டாம்.

பேப்பரில் வரும். பொலிஸ் வரும். கல்லறையைப் பிடுங்கியவன் என்று ஊர் பார்க்கும். எல்லாவற்றையும் விட, ரீச்சர் பார்ப்பார்.

அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் பொறுத்திருந்தது. எழுத்துப் பிடிபடவில்லை என்று நினைத்தார்கள். வெர்னா பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். உங்களால் முடியும், முடியும் என்று ஒரு கிழவர் கத்தினார்.

இரண்டு சோடி காலுறை. தடித்த சப்பாத்து. ஆனாலும் அவருடைய உள்ளங்கால் குளிர்ந்தது. கல்லின் குளிர்.

ரீச்சரைப் பார்த்தார். படித்த இங்கிலீசிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தார்.

"ரீச்சர், நாளைக்கு எங்கடை வீட்டுக்கு வாறீங்களோ?"

மண்டபம் சிரித்தது. வெர்னாவும் சிரித்துவிட்டார்.

"விருந்தா? வராமல் இருப்பேனா?"

"சாப்பிட இல்லை, ரீச்சர்." சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். "உங்கடை சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

மலர் எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, மேடைப் பக்கம் நடந்து வந்தாள்.