மார்ச் பதினான்கு, சனிக்கிழமை

சொன்னபடி ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு. மாலை ஐந்துக்குத்தான் வரும்.

அவர் மேசையைப் பார்த்தார்.

நாலு விரல் அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை. அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. அடியில் அவருடைய ஸ்கூட்டர் பேட்டரி.

திரை அணையவில்லை. 1970 மார்ச் 13, வெள்ளிக்கிழமை.

இன்று மூன்றே முக்காலுக்கு அதில் சனிக்கிழமை ஆகிவிடும். சுகந்தி பிறந்த நாள்.

அந்தப் பலகைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. எப்போது எழுப்பினாலும் 1970 ஜனவரி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். நெட்டில் இணைத்தால் யாரையாவது விசாரித்து இந்த வருஷத்துக்கு வந்துவிடும்.

இந்த வருஷத்தில் சுகந்தி இல்லை.

மனைவியின் கருமாதி முடிந்த மறுநாள், பலகைக்கு ஒரு கெர்னல் கட்ட உட்கார்ந்தார். மற்ற நிரலெல்லாம் ஏறி நிற்கிற அடித்தளம் அது. முதல் காரியமாக நெட்வொர்க்கைப் பிடுங்கி எறிந்தார்.

பலகை சமர்த்தாக 1970-க்குப் போய் உட்கார்ந்தது. அவள் பிறக்க எழுபத்திரண்டு நாள்.

இருபத்தாறாம் நாள் இதே பராமரிப்பு. பேட்டரி மதியத்தோடு படுத்துவிட்டது.

மறுபடி ஜனவரி ஒன்று.

ஆகவே ஒலியை எடுத்தார். யுஎஸ்பியை எடுத்தார். கீபோர்டையும் எடுத்தார், அதனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. மிஞ்சிய கெர்னல் மின்மினியைவிடக் குறைவாகச் சாப்பிட்டது. மின்மினியை யார் அளந்தது என்றால், அவர்தான் அளந்தார்.

இந்த வருஷம் ஜனவரி ஒன்று, மதியம் மூன்றே முக்காலுக்கு அதை மறுபடி எழுப்பினார். அப்படியே இரண்டு பராமரிப்பைத் தாண்டியாயிற்று. இது மூன்றாவது.

இடையில் அவருக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. மணியைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மகள் ஆதிரை பெங்களூருக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள். பெட்டி கட்டியாயிற்று. ஆறு மணிக்கு ரயில்.

பலகை எதற்கு என்று கேட்டாள். சொன்னார்.

"தேதிய நாமளே மாத்திக்கலாமேங்கப்பா. ரெண்டு நிமிச வேலைங்க."

"அது ஃபோர்ஜரி கண்ணு."

இரண்டரை மணிக்குத் திரை ஒருமுறை சிமிட்டியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது. மூன்றே முக்கால் வரை தாங்காது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆதிரை மாடிப்படி இறங்கினாள். திரும்பி வந்தபோது கையெல்லாம் கிரீஸ். கீழ்வீட்டுக்காரரின் பைக் பேட்டரி. கேட்டு வாங்கினாளா என்று அவரும் கேட்கவில்லை.

புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதைக் கழற்றினார். சிமிட்டல் நின்றது.

இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றே முக்கால்.

மார்ச் 14, சனிக்கிழமை.

"அம்மா எத்தன மணிக்குப் பொறந்தாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. ஜாதகம் பார்க்காமல் கட்டிக்கொண்டவர்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் கேட்கத் தோன்றியதே இல்லை.

இதற்குள் பிறந்திருக்கலாம். இன்னும் நேரம் இருக்கலாம்.

கீழே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதிரை எழுந்து போய், சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினாள்.