பதினோராவது கிளாக்கர்

தகப்பனின் தொழில் என்ன என்று நான் நாலாவது தடவையாகக் கேட்டேன்.

"கிளாக்கர்னு போடுங்க, ஐயா," என்றார் சூசைதாசன், நாலாவது தடவையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கை வரைக்கும் கரி. நகக்கண்ணில் கரி. காது மடலில்கூடக் கரி. துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்துவிட்டு, இன்னும் முகம் கழுவாமல் வாசற்படியில் குந்தியிருக்கிற மனுஷன், மேசையில் பேனா பிடிக்கிற கிளாக்கராம்.

கொட்டாஞ்சேனையில் இந்தத் தோட்டத்துக்குள், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் பதினேழு குடும்பம், ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். காலையிலிருந்து பத்து வீடு முடித்திருந்தேன். பத்து வீட்டுத் தகப்பனும் கிளாக்கர். இவர் பதினோராவது. இத்தனை கிளாக்கர்மாரும் ஒரே நாளில் லீவு போட்டால் வெள்ளைக்காரன் கவர்ன்மெண்டை இழுத்து மூடிவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான்.

இது பள்ளிக்கூட விண்ணப்பம் இல்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாயிற்று. யூனிவர்சிட்டியில் பொருளாதாரம் படிப்பிக்கிற சவுந்தரநாயகம் சேர் நடத்துகிற ஆராய்ச்சி இது. எந்தத் தகப்பனுடைய பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, எத்தனையாம் வகுப்போடு நிற்கிறது என்று ஆறு பேர் வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறோம். கூலிக்காரனுடைய பிள்ளைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதில்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் சட்டம் போடுகிற ஸ்டேட் கவுன்சில்காரருக்கு உறைக்கும் என்பது சேருடைய நம்பிக்கை. தகப்பன் தொழிலைக் கேட்கிற ஏழாம் கேள்விதான் அதற்கு உயிர்.

அந்த ஏழாம் கேள்வியைத்தான் இந்தத் தோட்டம் முழுக்கச் சேர்ந்து நாசமாக்கிக்கொண்டிருந்தது. பெயரும் வயதும் தொழிலும் கேட்கிற கடதாசி எதுவாக இருந்தாலும், அது கடைசியில் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுக்கிறவருடைய மேசைக்குத்தான் போய்ச் சேரும் என்பது இவர்களுடைய எண்ணம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

கரிக்கூலி என்று எழுதினால் ஒரு குறையும் வராது, உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடும் என்றேன்.

சூசைதாசன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வீட்டுக்குள்ளே பார்த்தார்.

உள்ளே அவர் மகள் பிலோமினா சுவரைப் பார்த்தபடி இங்கிலீஷ் எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. திங்கட்கிழமை அவளைக் கன்னியாஸ்திரிமாருடைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். யுத்தத்தால் துறைமுகத்தில் வேலைக்குக் குறைவில்லை, பள்ளிச் சம்பளத்தைக் கட்டிவிடுவாராம். ஆனால் அங்கே தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் தகப்பனை நேரில் விசாரித்துத்தான் சேர்ப்பாராம். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் தன் வேலையை உள்ளபடி சொன்னார். இடம் நிரம்பிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிழமை ஒரு புரொக்டர் வக்கீலுடைய மகளுக்கு இடம் இருந்ததாம்.

அதற்கு நான் என்ன செய்ய? எனக்கு வேண்டியது ஏழாம் கேள்விக்குப் பதில்.

சரி, கிளாக்கர் என்றே வைத்துக்கொள்வோம், எந்தக் கந்தோர், எந்த ஆபீஸ் என்று கேட்டேன். மடக்குவதற்காகத்தான் கேட்டேன்.

சூசைதாசன் முழித்தார். மனைவியைப் பார்த்தார். அவளும் முழித்தாள். யோசித்து யோசித்து, பெரிய கந்தோர் என்றார்.

எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீர் என்று கேட்டேன். விடிய நாலு மணிக்கு என்றார்.

எந்த ஊர்க் கிளாக்கர் விடிய நாலு மணிக்குக் கந்தோருக்குப் போகிறான்?

இப்போது எனக்கு வந்த கோபம் வேறு. முதலில் வந்தது, பொய் சொல்கிறாரே என்று. இது, திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, இந்த மனுஷனுக்கு ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று.

படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"எந்தக் கந்தோருன்னு கேப்பாங்க, முழிக்கக் கூடாது. வெள்ளைக்காரன் கம்பெனி ஒண்ணோட பேரச் சொல்லுங்க. எட்டரைக்குப் போறேன்னு சொல்லுங்க. கைய மட்டும் மேசைக்குக் கீழ வச்சுக்குங்க."

இந்தப் பேச்சு என் வாயில் வந்து எத்தனையோ வருஷம். இப்போது குடியிருக்கிற வெள்ளவத்தையில் நான் இப்படிப் பேசுவதில்லை.

சூசைதாசன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐயாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவர் மனைவி கேட்டாள். எனக்கு நேரமில்லை என்று சொல்லி, ஏழாம் கேள்விக்கு நேரே கிளாக்கர் என்று எழுதி, எழும்பி வந்துவிட்டேன்.

ஆராய்ச்சி தொடங்குவதற்கு முதல், பழகுவதற்காக என்று சவுந்தரநாயகம் சேர் எங்கள் ஆறு பேரிடமும் அவரவர் வீட்டைப் பற்றி ஒவ்வொரு படிவம் நிரப்பி வாங்கினார். தகப்பன் தொழிலுக்கு நேரே நானும் கிளாக்கர் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதையும் படிவக் கட்டோடு சேர்த்துக்கொண்டார். அந்தக் கணக்குப்படி கூலிக்காரனுடைய பிள்ளை ஒன்றுகூட இங்கிலீஷ் படிக்கவில்லை.

என் அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவர்.

என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றைக்கு, எந்தக் கம்பெனி என்று பாதிரியார் கேட்டபோது அவரும் இப்படித்தான் முழித்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தினமும் அவர் முதுகில் ஏறிய மூட்டைச் சாக்கில் அச்சடித்திருந்த வெள்ளைக்காரன் கம்பெனிப் பெயரை நான்தான் சொன்னேன்.