இராக்கம்மாவின் இடது கால்

"செருப்பு எங்கை?"

டொக்டர் தர்மராசா இராக்கம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. காலைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. மூன்று வருடமாகப் பதுளை ஆஸ்பத்திரியில் கால் ஒப்பரேஷன் செய்கிறார். வார்டில்கூடக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போகமாட்டார். கால்மாட்டில் நின்றபடியே, ஆளின் தோட்டத்துப் பேரைச் சொல்லி, "ஓ, நமுனுகுல! குதிக்கால் எப்பிடி?" என்பார்.

"இருக்குங்கய்யா," என்றாள் இராக்கம்மா.

"இருக்கு எண்டு எனக்கும் தெரியும். இன்பாஸின்ரை செருப்புக் கடையிலை நானே படம் கீறிக் குடுத்துச் செய்விச்சது. உள்பக்கம் அரை அங்குலம் உயரம், கணுக்காலுக்கு வார். அதைப் பெட்டிக்குள்ளை வச்சுப் பூசை செய்யிறீங்களோ?"

"ஐயோ, இல்லீங்கய்யா. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்பகூட அதத்தான் போட்டுக்கிட்டுப் போறேன். கங்காணி, 'என்னா இராக்கம்மா, தொரைசாணி கணக்கா வார'ன்னு கேலி பண்றாரு."

"கங்காணி பாத்திருக்கிறார், நான் பாக்கேல்லை! நாலு மாசத்திலை நாலு தரம் வந்திட்டீங்கள். நாலு தரமும் வெறுங்கால்."

இராக்கம்மா மட்டுமல்ல. அவர் எழுதிக்கொடுத்த செருப்போடு ஒருவர்கூட இந்த அறைக்குள் வந்தது கிடையாது. அந்த ஒரு குறையைத் தவிர அறை நன்றாகத்தான் இருந்தது. அவர் வந்த புதிதில், மழை நாட்களில், உழுது விட்ட வயல் மாதிரிக் கிடந்த அறை. ஒரு நாள் செம்மண் சேற்றில் டொக்டரே வழுக்கி, வைத்தியத்துக்கு வந்த ஒரு கங்காணியின் மடியில் போய் உட்கார்ந்தார். இப்போது தரையில் முகம் பார்க்கலாம்.

"சரி, காலைக் காட்டுங்கோ."

உதவியாள் புவாத் ஸ்டூலை நகர்த்திவைக்க, இராக்கம்மா வலது காலை நீட்டினாள். நாலு மாதத்துக்கு முன் அவர் வெட்டித் தைத்த கால். சரிந்து கிடந்த உள்ளங்கால் வளைவு நிமிர்ந்திருந்தது. செருப்புப் போடாமலே இப்படி ஆறியிருக்கிறதென்றால், அது தன் கைராசிதான் என்று டொக்டர் முடிவுகட்டினார். கணுக்காலைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று ஓடியது. காலைப் பார்த்தே ஆளின் சாதகத்தைச் சொல்லுவேன் என்று நேர்ஸ்மாரிடம் மார்தட்டுகிறவருக்கு, அது கட்டுப் போட்ட அடையாளமாகத் தெரிந்தது.

"இது ஆறினது உங்கடை அதிர்ஷ்டம். செருப்பில்லாட்டி இடது காலை நான் தொடமாட்டன். தைக்கிறதுக்கு எனக்கு ஒரு மணித்தியாலம் வேணும். குலைக்கிறதுக்கு உங்களுக்கு ஒரு மலை போதும். புவாத், செவ்வாய்க்கிழமை லிஸ்டிலை இவவின்ரை பேரை வெட்டும்."

புவாத் பேனாவைத் தேடினான். வேண்டுமென்றே மெதுவாகத் தேடினான்.

"சாமி, வெட்டிப்புடாதீங்க!" இராக்கம்மா ஸ்டூலில் இருந்த காலை இழுத்துக்கொண்டாள். "எத்தன நாளைக்குத்தான் பிள்ளக்காம்பராவுல ஒக்காந்து ஊரான் புள்ளைங்களுக்குத் தொட்டில் ஆட்டுறது? எனக்கு மலையேறிக் கொழுந்தெடுக்கணுங்க. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல என்னைய முந்தி ஒருத்தி கூடைய நெரப்புனதில்ல."

"அப்ப ஏன் செருப்புப் போடேல்லை?"

"ஐயா முன்னால எப்புடிங்க போடுறது?"

டொக்டர் நிமிர்ந்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். அப்படியா சங்கதி! துரையைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிற அந்தக் காலத்துத் தோட்ட வழக்கத்தை அவரும் கேள்விப்பட்டிருந்தார். அவருக்குள் ஒரு மேடைப் பேச்சாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார்.

"அம்மா, நான் துரையில்லை, டொக்டர்! துரைமார் குதிரையிலை வந்த காலம் போட்டுது. இது தொண்ணூற்றெட்டு! ஒரு மனிசனுக்கு முன்னாலை இன்னொரு மனிசன் செருப்பைக் கழட்டி நிக்கிறது வெக்கக்கேடு. உங்களுக்கு அப்பிடிச் சொன்னது ஆர்? எந்த மடையன்?"

இராக்கம்மா புவாத்தைப் பார்த்தாள். புவாத் கூரையைப் பார்த்தான்.

"பயப்பிடாமல் சொல்லுங்கோ. ஆளை இண்டைக்கே வேலையை விட்டுத் தூக்குறன்."

"ஐயையோ, வேணாங்கய்யா! நல்ல மனுசருங்க அவரு, போயிட்டுப் போறாரு. செருப்பு வெளியிலதாங்க இருக்கு. வேணும்னா நீங்களே பாருங்க."

டொக்டர் எழுந்தார். ஒப்பரேஷன் தியேட்டர் பக்கத்துப் பின்கதவால் வந்து, பின்கதவாலேயே போய்விடுகிறவர் அவர். நோயாளிகள் வரும் முன்கதவைத் தாண்டி ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இன்று கதவை விரியத் திறந்துகொண்டு வெளியே போனார்.

தாழ்வாரத்துச் சுவரோரமாக வரிசை பிடித்து நின்றன செருப்புகள். பதினேழு சோடி. அரை அங்குல உயரம், கணுக்கால் வார், இன்பாஸின் இரட்டைத் தையல். ஒன்றின் வாரில் கொழுந்து இலை ஒன்று ஒட்டியிருந்தது. எல்லாம் தேய்ந்திருந்தன, எங்கே தேயவேண்டுமென்று அவர் படம் கீறினாரோ, சரியாக அங்கே. வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் வெறுங்காலோடு எழுந்து கும்பிட்டார்கள்.

டொக்டர் குனிந்து ஒரு செருப்பை எடுத்து, தேய்ந்த அடியைத் தடவிப் பார்த்தார்.

"புவாத்! முதல் வேலையா இராக்கம்மான்ரை பேரை லிஸ்டிலை மேலை எழுதும்."

"நான் இன்னும் வெட்டல்ல டொக்டர்."

"நல்லது. ரெண்டாவது, இதுகளைக் கழட்டச் சொன்ன மடையனை இப்பவே கொண்டு வந்து என்ரை முன்னாலை நிப்பாட்டும்!"

புவாத் திறந்து கிடந்த கதவை மெல்ல இழுத்துச் சாத்தினான். அதன் வெளிப்பக்கத்தில், மூன்று மொழிகளிலும் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: 'செருப்புடன் உள்ளே வருவோரை டொக்டர் பார்க்கமாட்டார்.'

அதற்குக் கீழே, அவர் வழுக்கி விழுந்த நாளின் தேதியோடு, கொஞ்சமும் மங்காத கையெழுத்து: சி. தர்மராசா.