முழங்கை அளவு

“ஏம்மா, இந்த மேடையில நீ சமைக்கப் போறியா, இல்ல தாடையை முட்டுக் கொடுத்து வேடிக்கை பார்க்கப் போறியா?”

சமையல் மேடைக்காக எழும்பி நின்ற செங்கல் சுவர்களைப் பார்த்ததும் அக்கா இப்படித்தான் திருவாய் மலர்ந்தாள். தம்பி வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேற்பார்வைக்காகத் தானே வந்து இறங்கியிருந்தாள்.

தம்பி மனைவியோ குள்ளம். சுவர்கள் அவள் நெஞ்சுயரத்துக்கு வந்திருந்தன. அவற்றின் மேல் இனிக் கருங்கல் பலகையை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

“உயரமாவே இருக்கட்டும் அண்ணி.”

“ஏன்?”

“பார்க்க நல்லா இருக்கும்.”

“கேட்டியா மேஸ்திரி? அடுப்படி சமைக்கறதுக்கு இல்லையாம், பார்க்கறதுக்காம்!”

“நானும் சொல்லிப் பார்த்துட்டேன்மா,” என்றார் மேஸ்திரி. “பிடிச்ச பிடியை விட மாட்டேங்கறாங்க.”

கூடத்தில் தம்பி, இடுப்புக்கு வெந்நீர்ப் பையை அணை கொடுத்துச் செய்தித்தாளில் முகம் புதைத்திருந்தான். எந்த வாசலிலும் குனிந்தே நுழைய வேண்டிய உயரம் அவனுக்கு.

“அவனைப் பாரு. ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்து உழைச்சே இடுப்பு போச்சு. அவன் சம்பாத்தியத்தை நீ அழகு பார்க்கறதுக்குக் கரைக்கறியா?”



தாய்க்குத் தாயாக நின்று தம்பியை வளர்த்தவள் அக்கா. அந்தப் பெருமை அவள் பேச்சில் இருந்துகொண்டே இருக்கும்.

“என் தம்பி அடுப்படிப் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்லை மேஸ்திரி. ராஜா மாதிரி வளர்த்தேன். எதிர்வீட்டு ஆளைப் பாரு, கரண்டியும் கையுமா நிக்கறான். குடும்பத்துக்கே தலைகுனிவு!”

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்து தம்பியின் முகத்தை முழுதும் மறைத்துக்கொண்டது.

ஆயினும் ஒன்றை மட்டும் அக்கா எந்தச் சபையிலும் விட்டுக்கொடுத்ததில்லை. அது தம்பி மனைவியின் கைமணம். அக்கா இங்கே வந்து தங்கும்போதெல்லாம், கண் விழிப்பதற்குள் சமையல் முடிந்து மூடி வைத்திருக்கும். வாயில் வைத்தால் அமிர்தம். உறவினர் வீடுதோறும் அதைப் பாராயணம் போல ஓதி வந்தாள்.

இந்த முறைதான் ஏனோ சறுக்கிவிட்டது. சமையலறை இடிந்து கிடந்ததால் அடுப்பு கூடத்து மூலைக்கு வந்திருந்தது. அக்காவின் கண்ணெதிரேதான் தம்பி மனைவி சமைத்தாள். ஒன்றில் உப்பே இல்லை, மற்றொன்றில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

‘அடுப்பு இடம் மாறினா கையும் மாறிடும்போல’ என்று அக்கா பெரிய மனது பண்ணி மன்னித்திருந்தாள்.

மேடை விஷயத்தில் மன்னிக்க அவள் தயாராக இல்லை.

“மேஸ்திரி, மேல் வரிசைச் செங்கல்லை எடுத்துடு. அப்புறம் கல்லை ஏத்து.”

“வேண்டாம் மேஸ்திரி!”

தம்பி மனைவியின் குரல் இவ்வளவு உயர்ந்து அக்கா கேட்டதே இல்லை.

“என்னம்மா, எதிர்த்தா பேசறே? நாளைக்குத் தோள்வலின்னு நீ படுத்துக்கிட்டா என் தம்பிக்கு யாரு சோறு போடுவா? வீம்பு! வடிகட்டின வீம்பு!”

தம்பி மனைவியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு தரம் கூடத்தின் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேஸ்திரி கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார்.

“கலவை இறுகுதும்மா. கல்லை உட்கார வெச்சுட்டா அப்புறம் அசைக்க முடியாது. சண்டை எதுக்கு? எங்க தொழில்ல ஒரே கணக்குதான். சமைக்கறவங்க முழங்கையை மடக்கி நிக்கணும். அதுக்கு அரைச் சாண் கீழே மேடை. சமைக்கறவங்க வந்து நில்லுங்க, அளந்துடறேன்.”

“அப்படிச் சொல்லு! போம்மா, போய் நில்லு.”

அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தம்பி இடுப்பைப் பிடித்தபடி வாசல் நிலையில் குனிந்து உள்ளே வந்தான். செங்கல் சுவரை ஒட்டி நின்று முழங்கையை மடக்கினான்.

“அளந்துக்கோங்க மேஸ்திரி.”

“உன்னை யாருடா கூப்பிட்டா? சமைக்கறவங்களை இல்ல…”

அக்காவின் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

“அதான் வந்திருக்கேன் அக்கா.” அவன் பார்வை தரையில் இருந்தது. “தினமும் நான்தான். நீ வந்தா மட்டும், நீ முழிக்கறதுக்குள்ள முடிச்சிடுவேன். உனக்குத் தெரிஞ்சா தலைகுனிவும்பியே… அதனாலதான் இவளும் வாயைத் திறக்கலை. பழைய மேடை இவ உயரத்துக்குக் கட்டினது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு.”

மேஸ்திரி அளவு நாடாவைச் சுருட்டினார். “வீட்டம்மா சொன்ன உயரம் மயிரிழைகூடத் தப்பலை.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மனைவியைப் பார்த்தாள்.

“அப்போ… அந்தக் கைமணம்?”

“இவரோடதுதான் அண்ணி.” கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாலும், அவள் குரலில் பெருமை பொங்கியது. “நான் சமைச்சேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்களாத்தான் ஊரெல்லாம் சொன்னீங்க.”

வீடு வீடாகப் பாடிய புகழெல்லாம் யாரைச் சேர வேண்டியது என்பது அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு அருகில் போய்த் தம்பியின் மோவாயைத் தொட்டு நிமிர்த்திவிட்டு, மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள்.

“என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே மேஸ்திரி? கல்லை ஏத்து. ஒரு இம்மிகூடக் குறைக்காதே. நான் வளர்த்த பிள்ளை, தலை குனிஞ்சு நிக்கக் கூடாது!”