லைசென்ஸ் இல்லாத வாத்து

தப்பாக ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் வாத்துக்குக் காலையிலிருந்து ஒரு புழுகூட உள்ளே இறங்கவில்லை. மனம் கலங்கிய பிராணிகளுக்காக இலுப்பை மரத்தடிப் பொந்தில் ஒரு விடுதி இருந்தது. அங்கே துணைக்கு உட்கார்ந்து பேசுகிறவள் அவள்தான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. இன்றைக்குக் காட்டு அரசின் ஆய்வாளர் மரங்கொத்தி வருகிறார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் நடந்தால் பொந்துக்குச் சீல் வைத்துவிடுவார். இடிக்குப் பயந்து வந்து தங்கியிருக்கும் அணில், இந்த மழைக்காலத்தில் எங்கே போகும்?

மரங்கொத்தி வந்ததும் சுவரையெல்லாம் கொத்திப் பார்த்தார். பிறகு, "சுவரெல்லாம் ஓட்டையா இருக்கே" என்று கடிந்துகொண்டார்.

"நீங்க இங்கே என்னம்மா பண்றீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க ஐயா. இடி இடிச்சா அணில் நடுங்கும். நானும் பக்கத்துல உட்கார்ந்து நடுங்குவேன். கொஞ்ச நேரத்துல அது எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுடும். அப்படியே அதுக்குப் பயம் போயிடும்."

"அதுக்குப் பேர்தான் வைத்தியம். லைசென்ஸ் எங்கே?"

வாத்து, அணிலின் வைக்கோல் படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா, நோயாளிக்கும் லைசென்ஸ் வேணுங்களா?"

மரங்கொத்தி கொஞ்சம் யோசித்தார். "சட்டத்துல அப்படி எதுவும் இல்லை."

அணில் உடனே தன் வைக்கோலில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தது. வாத்து அதில் போய்ப் படுத்து, கழுத்துவரை வைக்கோலை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ரெண்டு நோயாளி. வைத்தியம் பார்க்கிறவர் யாரும் இல்லை. சரியாத்தான் இருக்கு" என்று மரங்கொத்தி திருப்தியோடு பறந்து போனார்.

அன்றிலிருந்து வாத்து யாருக்கு ஆறுதல் சொன்னாலும் படுத்துக்கொண்டேதான் சொல்கிறாள்.