உள்ளே நீதிபதி, வெளியே சாவிக்காரர்

நீதிபதி தன் அறைக்கு உள்ளே இருந்தார். கதவு திறக்கவில்லை.

கோர்ட் டவாலி கைப்பிடியைத் திருகினார், தோளால் முட்டினார், கடைசியில் கதவையே திட்டினார். பூட்டு சிக்கிக்கொண்டது, அசையவில்லை.

அப்போதுதான் எல்லோர் கண்ணும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருச் சாவிக்காரர் மேல் விழுந்தது.

அன்று விசாரணையே அவருடையதுதான். பக்கத்துக் கடைக்காரன் என்று நானும் துணைக்குப் போயிருந்தேன். துணைக்கு என்பது பேச்சுக்கு. வேடிக்கை பார்க்க என்பதுதான் நிஜம்.

மனைவி இறந்துபோன பிறகு மனிதர் கொஞ்ச காலம் யாரிடமும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தார். வந்து பார்த்தால் இதே நீதிபதி உத்தரவு போட்டிருக்கிறார். இவருக்கு நல்லது கெட்டது தெரியாதாம். வீடு, கடை, கருவிப் பெட்டி எல்லாம் மச்சான் பொறுப்பாம். மச்சானைக் கேட்காமல் எந்தப் பூட்டையும் தொடக்கூடாதாம். அதை நீக்கச் சொல்லித்தான் இவர் மனுப் போட்டிருந்தார்.

தெருவுக்கே சாவி செய்து கொடுத்தவர், சாயங்காலமானால் தன் வீட்டுப் படிக்கட்டில் மச்சானுக்காகக் காத்துக் கிடப்பார். மச்சான் சீட்டாட்டம் முடிந்துதான் வருவான். கம்பியை விட்டு நெம்பிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதானே என்று நானே தூண்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். மசியவில்லை.

மனநலத் தோழமைச் சங்கத்தார் மேடைக்கு மேடை அவரைப் பற்றிப் பேசினார்கள். அவர் படத்தைப் போட்டுத் துண்டறிக்கைகூட அடித்தார்கள். கோர்ட்டுக்கு வந்து "இவர் தேறிவிட்டார்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால் மட்டும், தனிப்பட்ட வழக்கில் சங்கம் தலையிடாதாம். அன்று தலைவியம்மா வந்திருந்ததும் போட்டோவுக்குத்தான்.

"வந்து திறய்யா" என்றார் டவாலி.

சாவிக்காரர் எழுந்து கைகட்டி நின்றார். "மச்சான் வரட்டுங்க. அவரைக் கேக்காம தொடக்கூடாதுன்னு ஐயாதானே எழுதியிருக்காங்க."

மச்சான் போனை எடுக்கவில்லை.

தலைவியம்மா பதறிப்போனார். நோய் திரும்பிவிட்டதாம். சாவிக்காரர் முதுகைத் தடவி, மூச்சை இழுத்து விடச் சொன்னார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்களும் நல்லா இழுத்து விடுங்க" என்றார்.

டவாலி என்னவோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இருய்யா" என்றது உள்ளேயிருந்து குரல். பிறகு, "சாவிக்காரரே, நானே சொல்றேன், திறங்க."

"வாயால சொன்னா செல்லாதுங்களே ஐயா. அன்னைக்கு நானும் வாயால எவ்வளவோ சொன்னேன்."

மனுஷன் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டார், இனி ஆயுசுக்கும் படிக்கட்டுதான் என்று நினைத்தேன்.

கதவுக்கு அடியில் ஒரு தாள் வெளியே வந்தது. இவர் யாரையும் கேட்காமல் எந்தப் பூட்டையும் திறக்கலாம் என்று எழுதியிருந்தது.

சாவிக்காரர் நிதானமாகப் படித்தார். மடித்து, வந்த வழியே திரும்ப உள்ளே தள்ளினார்.

"வீட்டுச் சாவியும் கடைச் சாவியும் என் கையிலயே இருக்கணும்னு ஒரு வரி சேர்த்துடுங்க ஐயா. அப்படியே முத்திரையும்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, 'டொம்' என்று முத்திரை விழுந்தது.

தாளைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, தலைவியம்மாவின் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கினார். கண் சிமிட்டுகிற நேரம்தான். கதவு திறந்தது. நீதிபதி முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. "அடுத்த வழக்கைக் கூப்பிடுங்க" என்றார்.

தலைவியம்மா சாவிக்காரரைப் பிடித்து நிறுத்தி, சங்கத்தின் வெற்றியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். குமாஸ்தா ஒரு படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா உள்ள மாட்டிக்கிட்டுத் தவிச்சாரே, நீங்க இங்கயா இருந்தீங்க?" என்றேன்.

"இங்கயேதான் இருந்தேன். நடுவுல முத்திரை வேணும்னாரு" என்று முதுகுக்குப் பின்னால் விரியத் திறந்து கிடந்த நீதிபதி அறையின் பின்கதவைக் காட்டினார். "இப்படியே போய்க் கொடுத்துட்டு வந்தேன்."